ஊக்கு

"கண்ண மூடிக்கோங்கம்மா" என்றார் மேக்கப்காரர். மூடிக்கொண்டேன். மூடினால் இருட்டாகிவிடும் என்று யார் சொன்னது, டியூப்லைட் இமைக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது, செம்மண் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம், அதில் புழுப்புழுவாக ஏதோ நெளிகிறது. ஐம்பது தாண்டினால் இதெல்லாம் வரும், கண்டுகொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதைத்தான் கண்டுகொள்வது. மணி மூன்று இருபது. நாலரைக்கு முதல் மணி அடிப்பார்கள், அதற்குள் முகம் முடிந்து, சவுரி வைத்து ஜடை பின்னி, சலங்கை கட்டி நான் இருபது வயசுப் பெண்ணாகிவிட வேண்டும். ஸ்பாஞ்சு ஜில்லென்று கன்னத்தில் பட்டது. பான்கேக் வாசனை மட்டும் மாறவே இல்லை, எந்த ஊர் கிரீன் ரூமுக்குப் போனாலும் அது நமக்கு முன்னால் வந்து காத்திருக்கும். இது திருச்சி. சபாவுக்கு வெள்ளி விழா. இருபத்தைந்து வருஷத்தில் இந்த மேடையில் ஆடியவற்றில் ஜனங்களுக்கு மறக்காத ஐந்து உருப்படிகளைப் பொறுக்கி எடுத்து மறுபடி ஆடச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு சாமி விஷயம். ஐந்தாவது நாங்கள், சிரிப்பு விஷயம். நாங்கள் என்றா சொன்னேன். நான். நானும் புதிதாக வந்திருக்கிற தமயந்தியும். நோட்டீசில் அப்படித்தான் போட்டிருக்கிறது, 'ஊக்கு: நகைச்சுவை நடனம். கௌசல்யா, தமயந்தி'. கீழே பொடி எழுத்தில் 'ஆக்கம்: கௌசல்யா, பூரணி'. பூரணி இருந்தால் இதைப் பார்த்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் நீதாண்டி மொதல்ல என்பாள். அகர வரிசையில க முன்னாடி வருது, நான் என்ன பண்ணட்டும் என்பேன். இதற்காக நாங்கள் ஒரு காலத்தில் நிஜமாகவே ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். பூரணி இருந்தால் என்று வருகிறது பாருங்கள், செத்துப்போனவளைச் சொல்வது மாதிரி. தஞ்சாவூரில் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வரவில்லை, அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். வந்தால் உட்காரட்டும்.

புருவத்துக்கு வந்துவிட்டார். இப்போது முகம் அசையக் கூடாது. அசையாதே என்றால்தான் மூக்கு அரிக்கும், சிரிப்பு வரும். நாகப்பட்டினத்திலும் அப்படித்தான் வந்தது. இருபது வருஷம் ஆயிற்று. நானும் பூரணியும் ஒரே வாத்தியாரிடம் படித்து, ஜோடி என்று பேர் வாங்கி, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த நேரம். உடுத்திவிட ஆள் வைத்துக்கொள்ள வசதி கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள். விசிறி மடிப்பு தையல் விட்டுப்போய், அவள் என் பின்னால் முட்டி போட்டுக்கொண்டு, உதட்டில் வரிசையாக நாலைந்து ஊக்கைக் கவ்விக்கொண்டு குத்திக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருக்கிற பிறவியா. "நேத்து நான் ஆடின வர்ணம் எப்படிடி இருந்துது?" என்று கேட்டேன். ம்ம் என்றாள். "நல்லா இல்லையா?" ம்ம். "நல்லா இல்லேன்னா வாயத் தொறந்து சொல்லேண்டி, ஏன் இப்படி மொகத்தத் தூக்கி வெச்சுக்கறே?" ம்ம்ம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, மை கரைந்து கன்னத்தில் ஓடிவிட்டது, உன்னோடு இனிமேல் ஆடுவதில்லை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "வாயில ஊக்க வெச்சுக்கிட்டு எப்படிடி பேசறது, மூதேவி?" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் காரியதரிசி வந்து கதவைத் தட்டினார், உள்ளே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று. மறுநாள் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியில் தட்டித் தட்டி அவள் அந்த உருப்படியைக் கட்டினாள். அவள்தான் கட்டினாள். பேட்டியில் எல்லாம் 'எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது' என்று நான் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவளும் தலையாட்டியிருக்கிறாள். பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் நடந்தது.

மேடையே கிரீன் ரூம். நான் ஆடப்போகிறவள், அவள் உடுத்திவிடுகிறவள். இல்லாத கண்ணாடியில் நான் என்னையே ரசித்துக்கொண்டிருப்பேன், அவள் வாயில் ஊக்கோடு என்னைச் சுற்றிச் சுற்றி வருவாள், குத்துவாள், நான் குதிப்பேன், குதிப்பது அடவாகிவிடும், மிருதங்கம் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும். பதினெட்டு நிமிஷத்துக்கு மொத்தமே இரண்டு சொற்கள். ஒரு ஊக்கு கீழே விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்துவிடும். அவள் ஒரு தாவு தாவி, தரையில் சப்பென்று உட்கார்ந்து, கையை நீட்டி, உதட்டு ஓரத்தால், மிச்ச ஊக்குகளுக்கு நடுவே, 'ஊக்கு' என்பாள். அது அவளுடைய சொல். என் காலடியில் இருப்பதை எடுத்துக் கொடு என்கிறாள். நானோ, என்னைக் கொஞ்சம் ஊக்கு, நான் ஆடுவதைப் பாராட்டு என்று கேட்கிறாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, பெரிய மனசு பண்ணிக் கை தட்டி 'சபாஷ்!' என்பேன். அது என்னுடைய சொல். மறுபடி ஊக்கு. மறுபடி சபாஷ். மூன்று தடவை. எழுதிப் பார்த்தால் என்ன இருக்கிறது இதில், ஒன்றும் இல்லை. ஆனால் அவள் நீட்டிய கையையும் என் தலைக்கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஜனங்கள் நாற்காலியில் இருந்து வழுக்கி விழுவார்கள். சிரிப்பு எப்போதும் ஊக்குக்குத்தான் வரும். சபாஷுக்கு வராது. சபாஷ் சொல்லும்போது முன் சிரிப்பு அடங்கிக்கொண்டிருக்கும், அடுத்த ஊக்குக்கு எல்லாரும் காத்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருஷம் நான் அந்த இடைவெளியில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன். ஆடியது நான், தோலை உரிக்கிற நகையைச் சுமந்தது நான், சிரிப்பு வாங்கியது பழைய நூல்புடவை கட்டிய அவள். நான் இதை அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் அவள் அந்தச் சிரிப்பை எடுத்து எனக்குக் கொடுத்திருப்பாள், அவளுக்கு அதெல்லாம் தெரியும், எங்கே அரை மாத்திரை நிறுத்தினால் யார் பக்கம் சிரிப்பு விழும் என்று. கேட்காமல் பொறாமைப்பட்டேன். கேட்டிருக்கலாம்.

"ஜிமிக்கி மாட்டணும்மா" என்கிறார். மாட்டுங்கள். காதுத் துளை தொங்கிப்போய்விட்டது, பசை போட்டுத்தான் நிற்க வைக்க வேண்டும். ஜிமிக்கி. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து சிக்குகிறது, தலைசாமான் நகையின் கொக்கியில் முடி சிக்குவது மாதிரி. கும்பகோணத்தில் ஒரு தடவை பாதி ஆட்டத்தில் என் இடுப்பு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நான் கண்ணால் ஜாடை காட்டக் காட்ட அவள் அதையும் நடிப்பு என்று எடுத்துக்கொண்டு பதில் ஜாடை காட்டினாள், ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள், மானம் போக இரண்டு அங்குலம்தான் பாக்கி. அன்றைக்குக் கிரீன் ரூமில் வந்து உட்கார்ந்து அவள் சொன்னாள், "சிரிக்க வெக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல நெஜத்துக்குன்னு ஒரு அடையாளம் வேணும்டி கௌசி. இல்லேன்னா ஒருநாள் செத்தாலும் கை தட்டுவோம்." அப்போது வைத்துக்கொண்டதுதான் ஜிமிக்கி. இடது ஜிமிக்கியைத் தொட்டுக்கொண்டு அவரவர் சொல்லைச் சொன்னால், அது நடிப்பு இல்லை. உடனே வா. உருப்படி கெட்டாலும் சரி, சிரிப்பு போனாலும் சரி, வா. நான் இரண்டு தடவை தொட்டிருக்கிறேன். ஒரு தடவை காலில் ஆணி ஏறியது, ஒரு தடவை வெறும் வயிற்றோடு ஆடி மயக்கம் வந்தது. இரண்டு தடவையும் ஜிமிக்கியில் இருந்து கையை எடுப்பதற்கு முன்னால் அவள் என் தோளுக்கு அடியில் இருந்தாள். உடுத்திவிடுகிறவள் ஆடுகிறவளைத் தூக்கிக்கொண்டு போவதையே ஒரு கோமாளிக் கூத்தாக்கி என்னைப் பக்கத் திரைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, தனியாகத் திரும்பிப் போய் மிச்சத்தை ஆடி முடித்தாள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது வெளியே கைத்தட்டல் கேட்டது. அவளுக்குக் கிடைத்த கைத்தட்டல். நன்றியோடு சேர்ந்து அதுவும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் ஒரே ஒரு தடவைதான் தொட்டாள். சேலத்தில். ஒன்பது வருஷம் ஆகிறது. பலகை மேடை, அங்கங்கே பலகை எழும்பியிருந்தது, காலையிலேயே பார்த்து இங்கே ஜாக்கிரதை என்று சுண்ணாம்பால் கோடு போட்டவளும் அவள்தான். ஊக்கு உருண்டு வந்தது, என் காலடியில் நின்றது. அவள் தாவினாள். டொக் என்று ஒரு சத்தம். பலகைச் சத்தம் என்று நினைத்தேன். இல்லை, நினைக்கவில்லை. பலகை அப்படிச் சத்தம் போடாது. உட்கார வேண்டிய இடத்திலேயே, தாளம் தப்பாமல் விழுந்தாள், அதுதான் வினை, கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் முன்வரிசைக்காவது தெரிந்திருக்கும். உதட்டில் இருந்த ஊக்குகள் எல்லாம் சிதறிவிட்டன. வெறும் வாயால், தெளிவாக, 'ஊக்கு' என்றாள். பதினோரு வருஷத்தில் அந்தச் சொல்லை மேடையில் அவ்வளவு சுத்தமாக அவள் சொன்னதே இல்லை. கை என் பக்கம் நீளவில்லை. கை காதில் இருந்தது. இடது காது. இரண்டு விரல் ஜிமிக்கியைப் பிடித்திருந்தன, ஜிமிக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்தபிறகு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை நான் ஒன்பது வருஷமாகக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதில் பயம் இருந்ததா, குழப்பம் இருந்ததா, வாய்ப்பழக்கமா என்று, ஏதாவது ஒரு மூலையில் எனக்குச் சாதகமாக ஒரு துரும்பு கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை. கை தட்டி 'சபாஷ்' என்றேன். சபை வெடித்தது. ஊக்குக்கு இல்லை, சபாஷுக்கு. அவள் முகத்தில் இருந்த வலிக்கும் என் மண்டைக்கனத்துக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவு சரியாக அமைந்துவிட்டது. முதல் தடவையாக ஒரு சிரிப்பு என் மேல் வந்து விழுந்தது, உடம்பெல்லாம் சிலிர்த்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, சிலிர்த்தது. அவள் மறுபடி 'ஊக்கு' என்றாள், கை காதிலேயே இருந்தது, 'கௌசி' என்று உதடு அசைந்தது. நான் இரண்டாவது சபாஷை முதலாவதைவிட நிதானமாகச் சொன்னேன். அரை மாத்திரை நிறுத்திச் சொன்னேன். அவளிடம் கற்றுக்கொண்டது. மூன்றாவதுக்கு அவள் ஊக்கு என்று சொல்லவே இல்லை. நான் சபாஷ் சொன்னேன்.

மிருதங்கம் சபேசன் சார்தான் முடித்துவைத்தார். ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது, சட்டென்று முடிப்பு ஜதியாக ஒரு தீர்மானம் வைத்து இழுத்து மூடிவிட்டார். அதுவரைக்கும் அவள் ஒற்றைக்காலில் எழுந்து நொண்டி நொண்டி என்னைச் சுற்றி வந்தாள், ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள். உள்ளே வந்ததும் சுவரோடு சாய்ந்து சரிந்துவிட்டாள். குதிகாலுக்கு மேலே இருக்கிற நரம்பு அறுந்துவிட்டது, நரம்பு இல்லையாம், தசைநாணாம், முதலில் பாதிதான் அறுந்திருக்க வேண்டும், அதன்மேல் ஊன்றி ஆடியதில் மீதியும் போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அது பிறகு. அதற்கு முன்னால் ஆட்டோ. அவள் காலை என் மடியில் வைத்திருக்கிறேன், சலங்கையைக்கூட அவிழ்க்கவில்லை, மேடு பள்ளத்தில் எல்லாம் அது பாட்டுக்குக் குலுங்குகிறது, அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாருமே ஒன்றும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "ஒன் கை ஜிமிக்கிக்குப் போனத நான் பாக்கவே இல்லடி." அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "பரவால்ல கௌசி" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். மூன்று மாசம் எனக்கு அது ஒரு ஆறுதலாக இருந்தது, பரவால்ல என்று சொல்லிவிட்டாளே. மூன்று மாசம் கழித்து ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வாயில் நுரையோடு, அந்த வாக்கியத்தை நானே ஒருதரம் கேட்டேன். கை ஜிமிக்கிக்குப் போனதை நான் பார்க்கவே இல்லை. பார்க்காதவளுக்குப் போனது எப்படித் தெரியும். பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அடியே முட்டாள், பொய் சொல்வதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்ததா உனக்கு. அன்றையிலிருந்து இதேதான், அவளுக்கு அது உறைத்திருக்குமா, உறைத்திருக்காதா. வலியில் இருந்தாள், வார்த்தையை எல்லாம் பிரித்துப் பார்க்கிற நிலையிலா இருந்தாள். ஆனால் அவள் பூரணி. தன் வாயில் ஊக்கு இருக்கிறபோது நான் விட்ட வார்த்தைகளில் இருந்து பதினெட்டு நிமிஷம் கட்டியவள். அவளுக்கா உறைக்காது. ஆனால் பரவால்ல என்றாளே. ஆனால் ஒரு கணம் பார்த்தாளே.

கால் ஒட்டியது, ஆட்டம் ஒட்டவில்லை. தஞ்சாவூரில் அண்ணன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வகுப்பு எடுக்கிறாள். பொங்கலுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று எடுப்பேன். சர்க்கரை எவ்வளவு இருக்கு, கெழங்கு சாப்பிடாதே என்று அவள் ஆரம்பித்துவிடுவாள், நானும் கிழங்கைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன். இந்த வெள்ளி விழாவுக்குக் கூப்பிட்டபோதுகூட, அவளிடம் கேட்கிற சாக்கில் சொல்லிவிடலாம் என்றுதான் போன் பண்ணினேன். "தாராளமா ஆடு. எம்பாகத்துக்கு எங்கிட்ட ஆள் இருக்கு, தமயந்தின்னு, பேங்க்ல வேல பாக்கறா, முப்பத்தாறு வயசு, ரெண்டு புள்ள, ஆனா சிரிப்பு நல்லா வரும். நான் சொல்லித் தரேன்" என்றாள். நீ வாயேன், முன்னாடி உட்கார்ந்து பாரேன் என்றேன். "அன்னிக்கு கிளாஸ் இருக்குடி." ஞாயிற்றுக்கிழமைதானே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பூரணி, ஒரு விஷயம் என்றேன். என்ன என்றாள். அந்த என்னவில் ஒரு அவசரமும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிறேன் என்கிற மாதிரி இருந்தது. ஒண்ணும் இல்ல, நோட்டீஸ்ல ஒம்பேரும் போடச் சொல்றேன் என்றேன். "க முன்னாடிதானே வரும்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது, தெரியாது, அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படிச் சிரிக்க முடியுமா. இந்த ஒரு மாசமாக அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன்.

"மேடம், மடிப்பு கொஞ்சம் தூக்கியிருக்கு, நான் குத்திவிடட்டுமா?" தமயந்தி வந்துவிட்டாள். நூல்புடவை, கொண்டை, இடுப்பில் சொருகிய துண்டு, அச்சு அசல் பூரணி கட்டுகிற மாதிரியே கட்டியிருக்கிறாள். அவளைப் பூரணிக்கா என்பாள், என்னை மேடம் என்பாள். குத்திவிடும்மா என்றேன். முட்டி போட்டு உட்கார்ந்து உதட்டில் மூன்று ஊக்கைக் கவ்விக்கொண்டாள். முதல் மணி அடித்தது. வெளியே மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறார்கள், சபேசன் சார்தான் இன்றைக்கும், அவர்தான் வேண்டும் என்று பூரணியே சொல்லி அனுப்பியிருந்தாளாம். எனக்குத் திடீரென்று மனசு தளும்பியது. பழையதைச் சரி பண்ண முடியாது, இன்றைக்காவது சரியாக இருக்கலாமே. "இங்க பாரும்மா தமயந்தி" என்றேன். "மேடைல ஒனக்கு நெஜமாவே ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்கோ, சுளுக்கு, மயக்கம், எதுவா இருந்தாலும், எடது ஜிமிக்கியத் தொட்டுக்கிட்டு ஊக்குன்னு சொல்லு. நான் எல்லாத்தயும் விட்டுட்டு வந்துடுவேன்." ம்ம் என்றாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "புரிஞ்சுதா?" ம்ம்ம். வாயில் ஊக்கு. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைக்கிற வரைக்கும் நான் காத்திருந்தேன். "இல்ல மேடம், அதுக்கு பூரணிக்கா வேற சொல்லியிருக்காங்க. ஏதாவது ஆச்சுன்னா சபேசன் சாரப் பாத்து கையத் தூக்கச் சொன்னாங்க, அவர் உடனே முடிச்சுடுவாராம். மேடத்துக்கு ஜாடை காட்டாதே, அந்த எடத்துல அவங்க கண்ணு சபை மேலதான் இருக்கும், ஒன்னப் பாத்தாலும் பாக்க மாட்டாங்கன்னாங்க." என் முகத்தில் என்ன தெரிந்ததோ, சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். "தப்பா சொல்லல மேடம், கோவமாவும் சொல்லல. கௌசி மேடைக்குன்னே பொறந்தவ, அவளுக்கு மேடைய விட்டா ஒண்ணும் தெரியாதுன்னு பெருமையாத்தான் சொன்னாங்க." அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். ஜிமிக்கி இல்லை. ஒற்றைக்கல் தோடு. ஒத்திகையிலும் இதைத்தான் போட்டிருந்தாள், உடுத்திவிடுகிறவளுக்கு எதற்கு ஜிமிக்கி என்று நானும் விட்டுவிட்டேன். "ஜிமிக்கி எங்கம்மா?" என்றேன். "வேணாம்னுட்டாங்க மேடம். இருந்தா கை தானா அதுக்குப் போயிடும், தோடே போதும்னாங்க." துண்டால் என் கழுத்து வேர்வையை ஒற்றினாள். "மேடம், ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

ஒன்றும் இல்லை. பாத்தாலும் பாக்க மாட்டாங்க. பூரணிக்கு ஆட்டோவிலேயே தெரிந்திருக்கிறது. நான் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது, அதனால்தான் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒன்பது வருஷம் சர்க்கரையைக் கேட்டாள், கிழங்கைக் கேட்டாள், என்ன என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் கிழங்கைச் சொன்னேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி அழுது தீர்த்திருப்பேன். தன் மேல் விழுந்ததை எடுத்து, இன்னொருத்தி மேல் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசித்து, ஜிமிக்கியைக் கழற்றி வைத்துவிட்டாள். என்னைப் பற்றி அவள் கடைசியாக எடுத்த முடிவு அந்தத் தோடு. இரண்டாவது மணி. கால் நடக்கிறது, பழக்கம். பக்கத் திரை ஓரமாக நின்று பார்த்தேன், முன்வரிசையில் அந்த நாற்காலியில் யாரோ கைப்பை வைத்திருந்தார்கள். விளக்கு வந்தது. முகம் தானாக மலர்ந்துகொண்டது, இந்த முகத்தை நம்பாதீர்கள். இல்லாத கண்ணாடியைப் பார்த்தேன், புருவத்தைத் தூக்கினேன், சிரித்தார்கள். தமயந்தி சுற்றி வந்தாள், குத்தினாள், குதித்தேன், முட்டி வலித்தது, சிரித்தார்கள். நன்றாகத்தான் செய்கிறாள், அரை மாத்திரை எங்கே என்று இவளுக்கும் தெரிகிறது. ஊக்கு கீழே விழுந்தது. உருண்டு வந்து என் காலடியில் நின்றது. தமயந்தி தாவினாள். தரையில் சப்பென்று உட்கார்ந்தாள், வாயில் இரண்டு ஊக்கு பளபளத்தது, கையை நன்றாக நீட்டி, உதட்டு ஓரத்தால், 'ஊக்கு' என்றாள். சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியது. இப்போது என் சொல். கையைத் தட்டத் தூக்கினேன், தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் மறுபடி சொன்னாள். நன்றாகத்தான் இருக்கிறாள், கண்ணில் வலி இல்லை, கை காதில் இல்லை, எனக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் கால் தானாகக் கிளம்பிவிட்டது. அடவு இல்லாமல், தாளம் இல்லாமல், சாதாரணமாக நாலு எட்டு நடந்து போய், இத்தனை நகையோடும் தரையில் மண்டி போட்டு, அவள் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தேன். சபை வெடித்தது. கர்வக்காரி கீழே இறங்கி வருவது அவர்களுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. தமயந்தி திகைத்துப்போய், பல்லுக்கு நடுவில், ஊக்குக்கு நடுவில் முணுமுணுத்தாள். "மேடம், எனக்கு ஒண்ணும் ஆகல. நடிப்புதான் மேடம்." "தெரியும்மா" என்றேன். வாய் நிற்கவில்லை. "அன்னிக்கும் தெரியும்." அவளுக்கு என்ன புரியும், விழித்தாள். மிருதங்கம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன், சபேசன் சார் இரண்டு கையையும் தோல் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.